அரைமணி நேரச் சாவி

ஓசூரில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் கையைப் பார்ப்பார்கள். ஒரு விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி, இரண்டு குறைந்திருந்தால் அவசரக்காரன். இருபத்தாறு வருடம் இரும்புத் தகட்டோடு மல்லுக்கட்டியும் பத்து விரலும் பத்திரமாக இருக்கிற ஆளை அந்த வட்டாரம் அதிகம் கண்டதில்லை. அதனால் ஜான்பீட்டருக்கு சிப்காட் டீக்கடைகளில் 'பத்து விரல் பீட்டர்' என்றே பெயர். அவரும் டம்ளரை வாங்கும்போது இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்குவார். அந்த அளவுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஏலத்தகிரியிலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபது வயதில் வந்தவர். மத்திகிரியில் வாடகை வீடு. மனைவி மேரிராணி தையல் மிஷின் போடுகிறாள், மகள் ப்ரீதா கிருஷ்ணகிரியில் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் நிற்கிற குடும்பம். சென்னகிருஷ்ணன் என்பவரின் பட்டறையில் அவர் செட்டர். அச்சை மிஷினில் பூட்டி, நாலு தகடு அடித்துப் பார்த்து, சரியாக விழுகிறது என்று ஆனபிறகு ஆப்பரேட்டரிடம் ஒப்படைப்பதுதான் செட்டர் வேலை. ஆப்பரேட்டர் கையால் தகட்டை உள்ளே வைத்து, காலால் மிதியை அழுத்த வேண்டும். எண்பது டன் அழுத்தத்தோடு இரும்புத் தலை இறங்கி ஏறும். கையும் காலும் ஒன்றையொன்று மறந்துவிடக் கூடாது. எட்டு மணி நேரத்தில் மூவாயிரத்துச் சொச்சம் முறை மறக்கக் கூடாது.

இந்த வேலையோடு இன்னொரு சின்ன வேலையும் அவருக்கு உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை, 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே பெயின்ட்டில் எழுதியது. தினமும் காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட் தொடங்குமுன் நேற்றைய எண்ணை அழித்துவிட்டு, ஒன்று கூட்டி சாக்பீஸில் எழுதுவார். பெங்களூரிலிருந்து சரக்கு எடுக்கிற கம்பெனியின் ஆட்கள் வந்தால் முதலில் அந்தப் பலகையைத்தான் படம் பிடிப்பார்கள்.

போன வருடம் அந்தக் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. இனிமேல் பாதுகாப்பு இல்லாத பிரஸ்ஸில் அடித்த சரக்கை எடுக்க மாட்டோம், ஆறு மாதத்துக்குள் சரிசெய்யுங்கள் என்று. சென்னகிருஷ்ணன் ஜான்பீட்டரை அறைக்குக் கூப்பிட்டு இரண்டு கொட்டேஷனை மேஜையில் பரப்பினார். சென்னகிருஷ்ணன் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தொரப்பள்ளிப் பக்கம் ராகியும் ரோஜாவும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். ரோட்டுக்குப் போன நிலத்துக்கு வந்த பணத்தில் ஆறு பழைய பிரஸ் வாங்கி முதலாளி ஆனவர். வீட்டில் தெலுங்கு, பேங்க்கில் கன்னடம், பட்டறையில் தமிழ். மூன்று மொழியிலும் கவலைப்படத் தெரிந்தவர்.

ஒரு கொட்டேஷன் தானாகத் தகடு ஊட்டுகிற மிஷினுக்கு. அதைப் பொருத்திவிட்டால் மனிதக் கை அச்சுக்குள் போக வேண்டிய வேலையே இல்லை. ஆனால் பன்னிரண்டு ஆப்பரேட்டர்களில் நாலு பேர் போதும். இன்னொன்று சென்சாருக்கு. மிஷினின் இரண்டு பக்கமும் மஞ்சள் தூண் மாதிரி நிற்கும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும். கை குறுக்கே போனால் இரும்புத் தலை அந்தரத்தில் நின்றுவிடும். ஆட்கள் அப்படியே இருக்கலாம், வேகம்தான் குறையும்.

"நீயே சொல்லு பீட்டரு. உனக்குத் தெரியாத மிஷினா, உனக்குத் தெரியாத ஆளா?" என்றார் சென்னகிருஷ்ணன்.

முதலாளி யோசனை கேட்கிறார் என்றால் பழி சுமக்க ஆள் தேடுகிறார் என்று அர்த்தம். அது ஜான்பீட்டருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, நேர்மையாகவே யோசித்தார். எட்டுப் பேரின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த மாரிமுத்து, இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியவன். கணவன் விட்டுப் போய் ஒன்றரை வயதுக் குழந்தையோடு பாகலூரில் ஒற்றை அறையில் இருக்கிற மணிமேகலை. இவர்களை எல்லாம் ஒரு மிஷினுக்காக வெளியே அனுப்புவதா? வேகம் குறைந்தால் குறையட்டும், சென்சாரே போடலாம் என்று சொன்னார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்துதான் போட்டார்.

சென்சார் வந்தது. பூசாரி வந்து மஞ்சள் தூணுக்குக் குங்குமம் வைத்தார், ஜான்பீட்டரும் மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னார். ஒரு வாரம் எல்லாருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாதனத்தின் குணம் தெரிந்தது. பழைய மிஷின்கள், எண்ணெய் புகை மாதிரிக் கிளம்பும். புகையைக் கை என்று நினைத்து சென்சார் நிறுத்திவிடும். பட்டனை அமுக்கி மறுபடி ஓட்ட வேண்டும். ஷிஃப்டுக்கு மூவாயிரத்து இருநூறு பீஸ் என்பது பெங்களூர்க் கம்பெனி வைத்த அளவு. பாதுகாப்பு வேண்டும் என்று கடிதம் போட்ட அதே கம்பெனிதான் அளவையும் வைத்தது. அதில் ஒன்றைக்கூட அவர்கள் குறைக்கவில்லை. மனு போட்டுப் பார்த்தார் சென்னகிருஷ்ணன். பாதுகாப்பை ஒரு பிரிவு பார்க்கிறது, கொள்முதலை இன்னொரு பிரிவு பார்க்கிறது என்று பதில் வந்தது. ஒரு கை அடிக்க, ஒரு கை தடவிக்கொடுக்க, இரண்டும் ஒரே உடம்பிலிருந்து முளைத்தவை என்பதை ஒப்புக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

ஆகவே ஆளுக்கு இருநூறு பீஸ் குறைந்தது. குறைந்ததை ஷிஃப்ட் முடிந்து நின்று அடித்துவிட்டுப் போக வேண்டும். முக்கால் மணி, சில நாள் ஒரு மணி. இரண்டே காலுக்குக் கம்பெனி வேன் போய்விடும். மணிமேகலை குழந்தையை விட்டிருக்கிற இடத்தில் மூன்று மணிக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு முறை குழந்தையை வாசற்படியில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

சென்சாருக்கு ஒரு சாவி உண்டு. அச்சு மாற்றும்போது செட்டர் கையை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால், அந்தச் சாவியைத் திருப்பினால் சென்சார் தூங்கிவிடும். சாவி ஒன்றுதான். அந்தோணியார் பதக்கம் கோத்த வளையத்தில் ஜான்பீட்டரின் இடுப்பில் தொங்கும். முதலில் கேட்டது மாரிமுத்து. அரைமணி நேரம் கொடுங்கண்ணா, குறைச்சலை அடிச்சுடறேன் என்றான். மறுத்தார். பிறகு மணிமேகலை கேட்டாள். வாசற்படியில் உட்கார்ந்த குழந்தையைச் சொன்னாள். அதற்கு மறுக்க முடியவில்லை.

ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு இல்லை என்பதா? ஜான்பீட்டர் நியாயஸ்தர். குழாயடியில் முறை வைத்துக் குடம் நிரப்புவதுபோல சாவிக்கும் முறை வைத்தார். ஆறு மிஷின், அவர் ஷிஃப்டில் ஆறு பேர், பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஆளுக்கு அரைமணி. யாருடைய முறையோ அந்த மிஷின் பக்கத்தில் அவர் நின்றுகொள்வார். பார்வையை அடிக்கிறவரின் கையிலிருந்து எடுக்கவே மாட்டார். கை தாமதிப்பது தெரிந்தால் 'ஏய்' என்று ஒரு சத்தம் போதும். சென்சாருக்கு இரண்டு தூண், எனக்கு இரண்டு கண் என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பட்டறையில் அதற்கு 'சாவி முறை' என்று பெயரே வந்துவிட்டது. எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள். பலகையில் எண் முந்நூறைத் தாண்டியது, நானூறைத் தாண்டியது. அவரை வாழ்த்தாத ஆள் இல்லை.

முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறையாவது தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். வந்தவர் எல்லாவற்றையும் பார்த்தார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வருகிறார் என்றால் ஒரு பயம் இருந்தது. அன்று ஒருநாளாவது மிஷின்கள் ஒழுங்காக ஓடின. சின்னப் பட்டறைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இப்போது முறை மாறிவிட்டது. முதலாளியே ஒரு படிவத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி, தொழிலாளி ஒருவரின் கையெழுத்தையும் வாங்கி அனுப்பினால் போதும். தொந்தரவு ஒழிந்தது நிஜம்தான். மாணவனே பரீட்சை எழுதி மாணவனே திருத்துகிற பள்ளிக்கூடத்தில் பெயிலாகிறவன் யார்?

அந்தப் படிவம்தான் அன்று வந்தது. பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு. மணி ஒன்று இருபதுக்கு ஆபீஸ் பெண் காவியா வந்து, கடைசி நாள், உடனே அனுப்ப வேண்டும், ஒரு கையெழுத்துத்தான் என்று கூப்பிட்டாள். மணிமேகலையின் முறை ஒன்றரைவரை. சாவியை எடுக்க வேண்டுமானால் மிஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவள் முறை பாழ். அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்தானேண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாள், கையை நிறுத்தாமலே.

போனார். அறையில் சென்னகிருஷ்ணன் பேனாவை நீட்டினார். வரிசையாகக் கட்டங்கள். குடிநீர், கழிப்பறை, தீயணைப்பான். பிறகு ஏழாவது: 'இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்கள் அனைத்தும் இயங்கும் நிலையில் உள்ளன.' ஜான்பீட்டர் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப்பக்கம் ஆறு மிஷினும் அடித்துக்கொண்டிருந்தன. இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தத்தில் வாழ்கிற காது அவருடையது. ஒரு அடி மட்டும் சத்தம் குறைந்து, அமுங்கி விழுந்தது. அலறல் வருவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

மிஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் திருப்பி இரும்புத் தலையை ஏற்றியது அவர்தான். வேறு யாருக்கும் அதற்குத் தெம்பு வரவில்லை. வலது கையில் கட்டைவிரலைத் தவிர நாலும் போய்விட்டது. மணிமேகலை மயங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேனில் ஏற்றும்போது குழந்தையை யார் கூட்டிவருவது என்று கேட்டாள். காவியா போய்க் கூட்டி வந்தாள்.

சாவி மிஷினிலேயே இருந்தது. அந்தோணியார் பதக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டார். அப்படிச் செய்தது ஏன் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஒரு விசாரணைப் படிவம் வந்தது. விபத்துக்குக் காரணம் என்று மூன்றே கட்டம்: இயந்திரம், வேலை முறை, நபர். முதல் இரண்டில் எதில் டிக் விழுந்தாலும் விசாரணை முடியும்வரை சரக்கு எடுக்க மாட்டார்கள். மூன்றாவதில் விழுந்தால் எல்லோருக்கும் ஒருநாள் பயிற்சி கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். அதுவும் போக, விதியை மீறியவர் தாமாக வரவழைத்துக்கொண்ட விபத்து பலகைக் கணக்கில் சேராதாம்.

ஜான்பீட்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"சாவி குடுத்தது நான்தான் சார். அப்படியே எழுதிடலாம்."

சென்னகிருஷ்ணன் படிவத்தை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"எனக்குத் தெரியாதா பீட்டரு? பதினொரு மணிக்கு மேல நான் எதுக்கு ஷாப்புக்குள்ள வர்றதில்லைன்னு நெனச்ச? உண்மைய எழுது, நான் தடுக்கல. எழுதிட்டு, வெளிய முப்பது பேரு இருக்காங்க, நாளைலேர்ந்து வேலை இல்லைன்னு அவங்ககிட்ட நீயே சொல்லிடு."

முன்பு எட்டுப் பேரை நிறுத்துப் பார்த்தவருக்கு இப்போது முப்பது பேர். தராசு அதேதான். எதிர்த்தட்டில் மட்டும் ஒரு வலது கை இருந்தது. அவளையே கேட்டுவிடலாம், அவள் சொல்கிறபடி செய்யலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அதை நியாயம் என்று அவர் நினைத்தார். முடிவெடுக்க முடியாத ஆள் பாதிக்கப்பட்டவளின் தலையிலேயே அந்தச் சுமையையும் ஏற்றுவதற்கு வேறு பெயர் உண்டு என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

போனபோது வேலை முடிந்திருந்தது. தலைமாட்டில் ஒரு வாக்குமூலத்தின் நகல். செட்டர் வெளியே போன சமயத்தில் அவருக்குத் தெரியாமல் சாவியைத் திருப்பியது நானே என்று எழுதி, கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. மணிமேகலை பி.காம். படித்தவள். கையெழுத்துப் போட்ட கை கட்டுக்குள் இருந்தது.

"ஓனரு வந்தாருண்ணா. ஆர்டரு போகாம இருந்தா எனக்கு பர்மனென்ட் வேலைன்னாரு. ஒத்தக் கைய வெச்சுக்கினு நான் வேற எங்க போவேன்? அதுக்கோசரம் வெச்சுட்டேன்" என்றாள்.

ஜான்பீட்டர் அழுதார். மன்னித்துவிடு என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க கெட்டவரா இருந்திருந்தா சாவி குடுத்திருக்க மாட்டீங்க. நான் லேட்டா வூட்டுக்குப் போயிருப்பேன், அவ்ளோதான்."

மறுநாள் அந்த வாக்குமூலத்தின் கீழே சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பலகையில் நானூற்றுப் பதினேழு என்று எழுதினார். எழுத்து எப்போதும்போல நேராகவே விழுந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசித் தூணருகே நின்றார், பாவம் சுமந்தவர் வாங்கக் கூடாத நற்கருணையை வாங்கப் போகவில்லை. வீட்டுக்கு வந்திருந்த ப்ரீதா, அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். விடு என்றாள் மேரிராணி. அன்று மதியம் சோறு போடும்போது அவள் கணவனின் கையைப் பார்த்தாள், பத்து விரலையும். பார்த்துவிட்டுக் குழம்பு ஊற்றினாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

விபத்து நடந்து நாற்பதாம் நாள் தகடு ஊட்டும் மிஷின்கள் வந்து இறங்கின. இனியொரு விபத்து நடந்தால் பட்டறையையே விற்க வேண்டியிருக்கும் என்று பயந்து, சென்னகிருஷ்ணன் மிச்சமிருந்த நிலத்தையும் அடகு வைத்திருந்தார். மாரிமுத்து உட்பட எட்டுப் பேர் ஒரே வாரத்தில் கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். எட்டுப் பேர் போகக் கூடாது என்றுதான் ஜான்பீட்டர் சென்சாரைத் தேர்ந்தெடுத்தார், அதே எட்டு. மாரிமுத்து போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க எங்களுக்காக எவ்வளவோ செஞ்சீங்கண்ணா என்றான். ஒரு வருடம் முன்பே அந்த மிஷின் வந்திருந்தால் எட்டுப் பேர் போயிருப்பார்கள், நாலு விரல் மிஞ்சியிருக்கும். இந்தக் கழித்தலைச் செய்ய பெரிய படிப்பு வேண்டாம். டீக்கடையில் அவரைப் பத்து விரல் பீட்டர் என்று இன்னும் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கையால் டம்ளரை வாங்கப் பழகிக்கொண்டார்.

அறுபத்தாறாம் நாள் காலை மணிமேகலை வேலைக்கு வந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். சென்னகிருஷ்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புது மிஷினுக்கு ஒரே பட்டன், பச்சைப் பட்டன், இடது கை போதும். மணிமேகலை அதன் முன்னால் நிற்க வேண்டும். அதோடு கேட் பக்கத்துச் சின்ன வேலைகளும் இனி அவளுடையவை. பலகை எழுதுவதும் அதில் ஒன்று.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம். ஜான்பீட்டர் சாக்பீஸை எடுத்து நீட்டினார். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றாள். நேற்று அவர் எழுதிய நானூற்று எழுபத்தேழு வெள்ளை வெளேரென்று அதிலேயே இருந்தது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன நம்பர்ணா?"

ஷிஃப்டுக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சென்னகிருஷ்ணன் அறைக் கதவு திறந்திருந்தது. ஜான்பீட்டர் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அறுபத்தாறு."

எல்லாரும் உட்கார்ந்து எழுதிய எந்தப் படிவத்திலும் அவர் சொல்லாத உண்மையை அன்றைக்குத்தான் சொன்னார். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாத ஒரே ஆளிடம் சொன்னார்.

மணிமேகலை முழங்கையால் நேற்றைய எண்ணை அழித்தாள். அரிச்சுவடி எழுதுகிற குழந்தைபோல, கோடு கோணலாக, அழுத்தி அழுத்தி, நானூற்று எழுபத்தெட்டு என்று எழுதினாள். சாக்பீஸை அவர் கையில் வைத்துவிட்டு மிஷினுக்குப் போனாள்.